லட்ச ரூபாய் போன்: சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி:

"ஐடி கம்பெனியில் வேலை. மார்ச்சில் ஒரு லட்சத்துச் சொச்சம் கொடுத்து போன் வாங்கினேன், எல்லாம் தவணையில்தான். முதல் வாரம் ராத்திரி தூங்கப் போகும்போதுகூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அது வெறும் போன். தவணை மட்டும் அடுத்த வருஷம் வரை இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினால் அந்தப் பழைய உற்சாகம் திரும்ப வருமோ என்று கை பரபரக்கிறது. விலை உயர்ந்த பொருளால் யாருக்காவது நிலையான சந்தோஷம் கிடைத்திருக்கிறதா?"

ஜூலை 20, 2025, ஞாயிறு இரவு

கிடைத்திருக்கிறது தம்பி. எல்லாருக்கும் இல்லை, எல்லாப் பொருளிலும் இல்லை. ரிச்சி தெருப் பக்கம் ஒரு சின்னக் கடையில் போன் சர்வீஸ் பார்க்கிறேன். நோக்கியா 1100 காலத்திலிருந்து இதே வேலை. 2003-ல் வந்த அந்த போனின் டார்ச் லைட்டை அடித்துக் காட்டி ஊரே பூரித்துப் போனது. இன்றைக்கு லட்ச ரூபாய் போன்களும் அதே மேஜைக்குத்தான் வருகின்றன.

ஒரே போன் என்னிடம் இரண்டு தடவை வரும். முதல் தடவை, வாங்கிய அன்று, டெம்பர் கிளாஸ் ஒட்ட. உரிமையாளர் பக்கத்திலேயே நிற்பார். "அண்ணே, ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க, தூசி பறக்குது" என்பார். கண்ணாடிக்கு அடியில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி சிக்கிவிட்டால் முகம் வாடிவிடும். "இதைப் பிச்சுட்டு வேற போடுங்கண்ணே, காசு தர்றேன்." இருநூறு ரூபாய்க் கண்ணாடியை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டு இன்னொன்று ஒட்டுவேன்.

அதே ஆள் ஒன்றரை வருஷம் கழித்து வருவார். டிஸ்ப்ளே மூலையில் நொறுங்கியிருக்கும். சில்லு விரலைக் கீறாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டியிருப்பார். பின்பக்கக் கவர் மஞ்சளாகியிருக்கும். "டிஸ்ப்ளே அப்புறம் பாத்துக்கலாம்ணே, சார்ஜ் ஏறினா போதும்" என்பார். ஊசிமுனைத் தூசிக்குத் தவித்தவர் விரல் கீறலோடு வாழப் பழகிவிட்டார். அவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை, மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் எது பழகிப்போகும், எது பழகாது என்பது தெரிந்தால் காசை எங்கே போடலாம் என்பதும் தெரியும். உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அக்கறை இருப்பது அதனால்தான்.

ஜூலை 21

நேற்று ஒன்று விட்டுப்போனது. போன் பழசாவது நம் கையில் இல்லை, பக்கத்து சீட்டில்தான். புது ஐபோன் பெரும்பாலும் செப்டம்பரில் வருகிறது. அந்த மாசம் கடைக்கு வருகிறவர்கள் பேச்சே மாறிவிடும். ஆகஸ்ட் வரை "சூப்பர் போன்" என்றவர், அக்டோபரில் "பழைய மாடல்தான்ணே, மாத்தணும்" என்பார். போனில் ஒரு குறையும் இருக்காது.

ஜூலை 23

என் மகள் உளவியல் படிக்கிறாள். உங்கள் கேள்வியைக் காட்டினேன். ராத்திரி பத்து மணி வரை எனக்குப் பாடம் நடத்தினாள்.

பிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-லேயே இதை எழுதிவிட்டார்களாம். டிரெட்மில்லில் ஓடுகிறவன் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருக்கிறான், சந்தோஷமும் அப்படி என்று. பிறகு 1978-ல் பிரிக்மனும் வேறு இருவரும் இல்லினாய் மாநில லாட்டரியில் பரிசு விழுந்த 22 பேரிடம் போய் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஐந்துக்கு அவர்கள் சராசரி 4.00. பரிசு விழாத சாதாரண ஆட்களுக்கு 3.82. பெரிய வித்தியாசமே இல்லை. விபத்தில் உடல் செயலிழந்தவர்களிடமும் கேட்டார்கள், 2.96 வந்தது. "லாட்டரி அடித்தவனும் விபத்தில் விழுந்தவனும் கடைசியில் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சரியில்லை. வலி அவ்வளவு லேசில் பழகுவதில்லை. தவிர, 22 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றக்கூடாது என்று அவளே சொன்னாள்.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய இடம் வேறு. காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, டிவி பார்ப்பது, ஒரு ஜோக் கேட்பது, இந்த அன்றாட விஷயங்களில் லாட்டரி அடித்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவான இன்பம்தான் கிடைத்திருக்கிறது. பெரிய ருசி வந்ததும் சின்ன ருசிகள் மங்கிவிட்டன.

இதை நான் கடையில் கண்ணால் பார்க்கிறேன். இப்போது வரும் விலை உயர்ந்த போன்களில் திரை ஒரு வினாடிக்கு 120 தடவை புதுப்பிக்கப்படுகிறது. பழைய சாதாரண போன்களில் 60 தடவை. முதல் நாள் விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆசையாக இருக்கும். நாலு நாளில் கண் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். போன் சர்வீஸில் இருக்கும்போது தற்காலிகத்துக்கு ஒரு சாதாரண போன் கொடுத்தனுப்புவேன். மறுநாளே "அண்ணே, இது விட்டு விட்டு ஓடுது" என்று திரும்ப வருவார்கள். ஓடுவது சரியாகத்தான் ஓடும். போன மாசம் வரை அவர்களே அப்படிப்பட்ட போனைத்தான் வைத்திருந்தார்கள். 120 கையில் இருக்கும்போது அதன் சந்தோஷம் தெரிவதில்லை, 60 வந்தால் எரிச்சல் மட்டும் வருகிறது.

ஜூலை 25

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "நீங்கள் எல்லாம் போனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வாழ்க்கையில் வாங்கிய ஒரே விலை உயர்ந்த மெஷின் வாஷிங் மெஷின். வந்த நாளிலிருந்து இன்று வரை சந்தோஷம் குறையவில்லை. ஆம்பளைங்களுக்கு இது புரியாது."

அவர் சொல்வதுதான் இந்த இழையிலேயே கனமான பேச்சு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா துவைக்கிற கல்லில் அடித்து அடித்து இடது தோள்பட்டை போய்விட்டது. மெஷின் வந்த பிறகு தோளுக்குத் தைலம் தேய்ப்பது நின்றது. அது ஒரு நாள் குஷி இல்லை. தினமும் இருந்த ஒரு வலி இல்லாமல் போனது.

ஆனால் அதுவும் பழகத்தான் செய்தது. எப்போது திரும்ப உறைத்தது தெரியுமா? 2019 கோடையில். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். எங்கள் தெருவில் லாரி வந்தால்தான் குடம் நிறையும். டாப் லோடு மெஷினுக்கு ஊற்றத் தண்ணீர் ஏது? மெஷின்மேல் துணி போட்டு மூடிவிட்டு, என் மனைவி இரண்டு பக்கெட்டில் அலசிப் பிழிந்தார். பிழிந்த தண்ணீரைக் கழிவறைக்கு எடுத்து வைத்தோம். அப்புறம் மழை வந்து, குழாயில் தண்ணீர் வந்து, மெஷினை ஓடவிட்ட அன்று அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிய நாளில்கூட அப்படிப் பார்க்கவில்லை.

பழகிப்போன சந்தோஷம் ஒரு இடைவெளி விட்டால் திரும்ப வருகிறது. உங்கள் போனை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய போனில் ஓட்டிப் பாருங்கள். புது ஹெட்போன் தரும் உற்சாகத்தில் பாதியாவது அதில் இலவசமாக வரும்.

ஜூலை 26

தவணையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். "வட்டியில்லாத் தவணைதானே, அதில் என்ன நஷ்டம்?" என்று.

வட்டி இல்லாமல் எந்த வங்கியும் கடன் கொடுக்காது. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில், பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடும், அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் கழித்துக் காட்டுவார்கள். வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் கணக்கில்தான் வரும். பல கார்டுகளில் செயலாக்கக் கட்டணம் வேறு. மொத்தப் பணம் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குப் பல நேரம் கிடைப்பதில்லை, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்குகூடப் பெரிசில்லை. என்னை வருத்துவது வேறொன்று. போன் தொலைந்துபோனவர்கள், பஸ்ஸில் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். "அண்ணே, கண்டுபிடிக்க வழி இருக்கா? இன்னும் எட்டு மாசம் கட்டணும்." கையில் பொருள் இல்லாமல் மாசா மாசம் ஐந்தாம் தேதி அதன் பெயரில் பணம் போவதை நினைத்தால் வயிறு எரியும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கிவிடலாம், அதைச் சொல்லி அனுப்புவேன். தவணையை முடக்க ஒரு தளமும் இல்லை.

புதுசின் ஆசை முதல் இரண்டு தவணைக்குத் தாங்கும். அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் பழகிப்போன ஒரு பொருளுக்கு. வாங்குகிற சந்தோஷம் முன்னால் வந்து, கொடுக்கிற வலி பின்னால் வந்தால் மனசு வலியைத்தான் கடைசியாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இதைத் திருப்பிப் போட முடியும். மாசம் இவ்வளவு என்று முதலில் சேர்த்து, சேர்ந்த பிறகு வாங்குங்கள். சேர்க்கிற ஏழெட்டு மாசமும் அந்தப் பொருளை நினைத்து மகிழ்கிற மாசங்கள். சில பேருக்கு ஐந்தாவது மாசத்திலேயே ஆசை அடங்கிவிடும், காசு மிச்சம்.

ஆகஸ்ட் 2

கேமரா பற்றி. ஒருவர் கேட்டார்: "பொருளுக்குச் செலவழிப்பதைவிட அனுபவத்துக்குச் செலவழித்தால் சந்தோஷம் நிலைக்கும் என்கிறார்களே, அப்படியானால் கேமரா பொருளா, அனுபவமா?" 2003-ல் வான் போவன், கிலோவிச் என்ற இருவர் செய்த ஆய்வைத்தான் சொல்கிறார். என் மகளும் அதைச் சொன்னாள். நல்ல கேள்வி, நான் இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் தெருவில் கேமரா சர்வீஸ் பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிக்குள் வெள்ளை நரம்புகள் கிளைவிட்டுப் படர்ந்திருப்பது தெரியும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், துடைத்தாலும் தடம் போகாது. அவரிடம் வரும் பூஞ்சை லென்ஸ்களில் பெரும்பாலானவை அடிபட்டு உழைத்தவை இல்லையாம். பையோடு பீரோவில் தூங்கியவை. குழந்தை பிறந்தபோது வாங்கி, முதல் பிறந்தநாள் வரை எடுத்து, அப்புறம் போனே போதும் என்று வைத்துவிட்டது. கல்யாண வீடு கல்யாண வீடாக அலையும் போட்டோகிராபர்களின் லென்ஸில் பூஞ்சை அபூர்வம்.

இன்னொரு நண்பர், மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் பெரிய லென்ஸோடு ஒரு செகண்ட் ஹாண்ட் கேமரா வாங்கினார். வீட்டில் பெரிய சண்டை. "பொண்ணுக்கு ஒரு வளையல் பண்ணியிருக்கலாம்" என்று அவர் மனைவி இன்னும் சொல்கிறார். ஆனால் மனிதர் மழைக்காலம் முடிந்ததும் விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நிற்பார். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நம்மில் பாதிப் பேர் குப்பைமேட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறோம். அவருக்கு அங்கே பூநாரை வந்ததா, கூழைக்கடா எத்தனை, நெடுங்கால் உள்ளான் குஞ்சு பொரித்ததா என்பதுதான் கவலை. வருஷத்துக்கு ஒரு முறை பழவேற்காடு. அவரோடு வரும் நாலைந்து பேரும் அங்கே பழக்கமானவர்கள்தான். கேமராவின் மாடல் எண்ணைக் கேட்டால் யோசிப்பார். போன ஜனவரியில் என்ன பறவை எந்தக் கரையில் இருந்தது என்று கேட்டால் உடனே சொல்வார்.

அந்த கேமரா அவருக்கு இன்னும் பழகவில்லை என்றால், அது காட்டுவது ஒவ்வொரு காலையும் வேறாக இருப்பதால்தான். பொருளா, அனுபவமா என்று அதைப் பிரிக்கவே முடியாது. வாங்கியபின் நீங்கள் எங்கே போக ஆரம்பிக்கிறீர்கள், யாரோடு போகிறீர்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததையே இன்னும் பளபளப்பாகச் செய்ய வாங்கினால் பழகிவிடும். இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வைத்தால் தாங்கும். இத்தனை வருஷம் மேஜையில் பார்த்ததிலிருந்து நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

ஆகஸ்ட் 3

ஹெட்போன் வேண்டாம் என்று நான் சொன்னதாக வேளச்சேரித் தம்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் மூன்று பேரோடு ரூமில் தங்கி, ராத்திரி ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் என்று இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வாஷிங் மெஷின் கட்சி. இரைச்சல் பழகும் என்பார்கள், பழகாது, சதா எரிச்சல்தான். உற்சாகத்துக்காக வாங்காதீர்கள். தூக்கத்துக்காக வாங்குங்கள், பணம் சேர்த்து. அதற்குள் பத்து ரூபாய் பஞ்சுக் காதடைப்பான் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், அதிலேயே தூக்கம் வந்தாலும் வரலாம்.

ஆகஸ்ட் 10

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2011-லிருந்து அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது அல்லவா, அவை இன்றும் எங்கள் தெருவுக்கு வருகின்றன. கீபோர்டில் நாலு எழுத்து விழுந்திருக்கும், பேட்டரி செத்துப்போய் சார்ஜர் செருகினால்தான் எழுந்திருக்கும். அப்படி ஒன்றைக் கொண்டுவந்த பையன், வியாசர்பாடிக்காரர், இப்போது ஒரு நல்ல கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார். கையில் கம்பெனி கொடுத்த புத்தம்புது லேப்டாப் இருந்தது. "இதுலதான்ணே ஃபர்ஸ்ட் கோட் அடிச்சேன், எப்படியாவது ஓட வைங்க" என்றார். உதிரி கிடைக்காமல் இரண்டு பழைய மெஷினிலிருந்து கீபோர்டும் ஹிஞ்சும் எடுத்துப் போட்டேன். திரை எரிந்ததும் அவர் முகத்தில் பார்த்ததை எந்த லட்ச ரூபாய் டப்பாவைப் பிரிக்கும்போதும் நான் பார்த்ததில்லை. அதற்கு அவர் ஒரு பைசா கொடுத்து வாங்கவில்லை.

ஆகஸ்ட் 15

இன்று கடை லீவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த வாரத்தை மறக்க மாட்டேன். சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை என்று அடையாற்றங்கரை முழுக்கப் போன்கள் வந்தன. பாலித்தீன் கவரில், அரிசிக்குள் புதைத்து, ஈரத் துண்டில் சுற்றி. (அரிசி உதவாது. அது வெளி ஈரத்தைக்கூட ஒழுங்காக இழுப்பதில்லை, மாவுத்தூள் வேறு ஓட்டைகளில் அடைக்கும். ஆன் பண்ணிப் பார்க்காமல் நேராகக் கொண்டுவாருங்கள்.) போர்டைக் கழற்றினால் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்து, உலர வைத்து, எந்த ஐசி ஷார்ட் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

அந்த வாரம் "என் போன் பிழைக்குமா?" என்று கேட்டவர்கள் குறைவு. "போட்டோ வருமா?" என்றுதான் கேட்டார்கள். விலை உயர்ந்த போன் வைத்திருந்த ஒருவர், போனை நீயே வைத்துக்கொள், உள்ளே இருக்கும் அம்மாவின் வாய்ஸ் மெசேஜை மட்டும் எடுத்துக் கொடு என்றார். அம்மா அந்த வருஷம்தான் தவறியிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். "சாப்டியா?" என்று தொடங்கி ஏதோ ரசப்பொடி பற்றிய பேச்சு. கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

இப்போது ஒரு ஆய்வு ஞாபகம் வருகிறது, இதுவும் மகள் சொன்னது. கனடாவில் எலிசபெத் டன், லாரா ஆக்னின், அமெரிக்கரான மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008-ல் செய்தது. காலையில் சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரை உனக்காகச் செலவழி என்றார்கள், பாதிப் பேரை இன்னொருவருக்காகச் செலவழி என்றார்கள். சாயந்திரம் பார்த்தால் இன்னொருவருக்காகச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5-ஆ 20-ஆ என்பது வித்தியாசமே செய்யவில்லை. ஒரு நாள் சோதனைதான். ஆனால் அப்பா அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்க வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இது பொய்யாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

அம்பத்தூரிலிருந்து ஒரு தங்கை: "என் பழைய போன் மூன்று வருஷமானது, மெதுவாகிவிட்டது. அப்பாவுக்குப் புதிது வாங்கிக் கொடுக்கவா, இதையே கொடுக்கவா?"

முதலில் பேட்டரியைப் பாருங்கள் அம்மா. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற ஏறத் தேயும். பல போன்களில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். சென்னை வெயில் அதை இன்னும் சீக்கிரம் தேய்க்கும். பேட்டரி தளர்ந்தால் போன் தானாக அணைந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைப்பதாக ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மலிவு விலையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. "மெதுவாகிவிட்டது" என்று வருகிற போன்களில் பலவற்றுக்கு அது ஒன்றே போதும். பின்மூடி லேசாகத் தூக்கினாற்போல் இருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது, அப்படியானால் சார்ஜ் போடாமல் உடனே கொண்டுவாருங்கள். கூடவே, அந்த மாடலுக்குக் கம்பெனி இன்னும் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அப்பா அதில் பணம் அனுப்பப் போகிறார் என்றால் அப்டேட் நின்ற போன் வேண்டாம்.

மற்றபடி பழையதே போதும். மிச்சமாகும் பணத்தில் அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி போட்டுவிடுங்கள், போன் திரை தெரியவில்லை என்கிறவர்களில் பலருக்குக் கோளாறு திரையில் இருப்பதில்லை. எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். தமிழ் கீபோர்டும் பேசினால் எழுதும் வசதியும் போட்டுவிடுங்கள். உங்கள் எண்ணை முதல் திரையில் படத்தோடு வையுங்கள். ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள், ஒரு தடவை சொன்னால் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ கால் அவரையே போட வையுங்கள், நீங்கள் விரலை வைக்காதீர்கள்.

பேட்டரி மாற்ற அரை மணி, கூட்டமிருந்தால் ஒரு மணி. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் வந்தால் அன்றே வாங்கிப் போகலாம். வருவதற்கு முன் போட்டோவை எல்லாம் வேறு இடத்தில் ஏற்றி வைத்துவிட்டு வாருங்கள்.